‘சேர்க்கப்படவில்லை’ என்னும் வாணிகம்

2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவில் கோல்கேட்-பாமாலிவ் நிறுவனம் ‘ஃபாபுலோசோ’ என்னும் தன் துப்புரவு நீர்மத்தில் ஏறத்தாழ 49 இலட்சம் புட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதில் நஞ்சு எதுவும் கலந்துவிடவில்லை. சேர்க்கவேண்டிய காப்புப்பொருள் ஆலையில் உரிய அளவு சேராமற்போயிற்று. அதனால் சூடோமோனாஸ் இனத்து நுண்ணுயிர்கள் பெருக இடமுண்டாயிற்று. பெரும்பகுதி கடைக்கு வருமுன்னரே தடுக்கப்பட்டுவிட்டது என்றாலும், ஏறத்தாழப் பத்து இலட்சம் புட்டிகள் விற்பனைக்குப் போயிருந்தன. அதற்கு இரு திங்கள் முன்புதான், யூனிலீவருக்கு உரிமையான ‘தி லாண்ட்ரெஸ்’ நிறுவனமும் நுண்ணுயிர்க் கலப்பின் பொருட்டு ஏறத்தாழ 80 இலட்சம் சலவைப் பொருள்களைத் திரும்பப் பெற்றிருந்தது.

நுரை தரும் பொருள் எதுவும் தன்னைத் தானே தூய்மையாக வைத்துக்கொள்ளும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வெண்ணம் பிழையானது. தரை கழுவும் நீர்மத்துக்கு நேர்ந்தது தலை கழுவும் ஷாம்புவுக்கும் நேரக்கூடியதே. இரண்டும் நீரில் கரைந்த நுரைப்பொருள்கள்தாம். ஆயினும் நம் கடைத்தெருவில் இன்று ஷாம்பு விற்கப்படும் முறையைப் பாருங்கள். புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதன்று. என்னென்ன இல்லை என்பதே. பாரபென் இல்லை, சல்பேட்டு இல்லை, இரசாயனமே இல்லை. தண்ணீரும் ஓர் இரசாயனப் பொருளே என்று பள்ளியில் படித்தவர்கள்தாம் இதையும் வாங்குகிறார்கள். இந்த ‘இல்லை’ வாணிகம் மக்களின் அச்சத்தை முதலாக்கி நடப்பது. அது மக்களின் நலனையும் காக்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

ஷாம்புவில் பெரும்பங்கு தண்ணீர். எஞ்சியதில் முதன்மையானது சோடியம் லாரெத் சல்பேட்டு போன்ற நுரைப்பொருள். ஆலைக்கு இது இருவகையாக வந்து சேர்கிறது. நூற்றுக்கு எழுபது பங்கு செறிவுள்ள களிம்பாக வரும்போது நுண்ணுயிர் அதில் வளர்வதில்லை. உயிர் பருகத்தக்க நீர் அதில் இல்லை. அதையே இருபத்தெட்டுப் பங்காக நீர்த்த கரைசலாக வாங்கினால், கரைசலுக்கே காப்புத் தேவைப்படுகிறது. சில பாக்டீரியாக்கள் சல்பேட்டுப் பிணைப்பை அறுக்கும் நொதியைத் தாமே சுரந்து, நுரைப்பொருளையே உணவாக்கிக்கொள்கின்றன. அதனோடு நாம் சேர்க்கும் புரதச்சாறு, மூலிகைச்சாறு, கற்றாழைக்கூழ், தேன் ஆகியவை அவற்றுக்கு விருந்து. ‘இயற்கைச் செழுமை’ கூடக்கூடக் கெடும் விரைவும் கூடுகிறது.

இதில் ஓர் உண்மை நின்று நோக்கத்தக்கது. 1950களில் மேலைநாட்டு ஆறுகள் நுரைமலைகளைச் சுமந்து ஓடின. அன்றைய சலவைப்பொருளின் கிளைத்த மூலக்கூறுகளை நுண்ணுயிர்களால் எளிதில் உண்ண முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது; அமெரிக்க ஆலைகள் 1965 அளவில் எளிதில் சிதையும் நேர்ச்சங்கிலிப் பொருள்களுக்கு மாறின. நுரைப்பொருளை நுண்ணுயிர் விரைந்து உண்ணவேண்டும் என்பது ஆற்றின் தேவை; உண்ணவே கூடாது என்பது புட்டியின் தேவை. கடைக்கும் குளியலறைக்கும் இடைப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் கெடாமலும், சாக்கடையை அடைந்தபின் சில நாள்களில் சிதைந்தும் போகவேண்டும் என்று ஒரே பொருளிடம் நாம் கேட்கிறோம். இவ்விரண்டையும் இணைப்பது காப்புப்பொருள். புட்டிக்குள் செறிவாக நின்று காத்து, கழிவுநீரில் நீர்த்து வலுவிழக்கிறது.

கெட்ட ஷாம்பு உடல்நலமுள்ள ஒருவருக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தலையில் தேய்த்து உடனே கழுவிவிடும் பொருள் அது. ஆனால் குளியலறைக்குள் வருவோர் எல்லோரும் உடல்நலம் உடையோர் அல்லர். கண்ணில் சிறு கீறல் உடையவர், புற்றுநோய் மருத்துவத்தால் எதிர்ப்பாற்றல் குன்றியவர், தோல் வெடித்த முதியவர், பிறந்து சில நாளே ஆன குழந்தை ஆகியோருக்குச் சூடோமோனாஸ் ஏருஜினோசா வேறு முகம் காட்டும். ஜெத்தா நகரின் மன்னர் அப்துல் அசீஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் பச்சிளங் குழந்தைகளிடையே செராட்டியா மார்செசென்ஸ் தொற்று பரவியபோது, தேடிப் பிடிக்கப்பட்ட மூலம் குழந்தைகளுக்கான ஷாம்பு. அவ்வாய்வு 2011இல் வெளிவந்தது. பார்சிலோனாவில் தீவிர மருத்துவப் பிரிவு நோயாளர்களிடையே பரவிய பர்க்கோல்டீரியா செபாசியா தொற்று, உடலில் பூசும் ஈரப்பத நீர்மத்திலிருந்து வந்தது என்று 2008இல் பதிவாயிற்று. உடலைப் பேணுவதற்கென்று பூசியவையே தொற்றைக் கொண்டுவந்தன.

நம் முன்னோர் சீயக்காயும் அரப்பும் பூந்திக்கொட்டையும் கொண்டு தலை கழுவினர். அவற்றில் யார் காப்புப்பொருள் சேர்த்தார்கள் என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது, விடை எளியது. அவை உலர்ந்த பொடிகள். நீர் இல்லாத இடத்தில் நுண்ணுயிர் உறங்கிக் கிடக்குமேயன்றிப் பெருகாது. குளிக்கும் வேளையில் வடித்த கஞ்சியிலோ வெந்நீரிலோ கரைத்து, அன்றே தேய்த்து, எஞ்சியதைக் கொட்டினர். அடைமழைக் காலத்தில் மூடாமல் வைத்த பொடி பூஞ்சணம் பிடித்ததையும் அவர்கள் அறிவர். அந்த முறையில் காப்பு, பொருளில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. பொடியைக் கரைத்துப் புட்டியில் அடைத்து ஆறு மாதம் விற்கலாம் என்று எண்ணிய அன்றே அந்தப் பழங்காப்பு அறுந்துபோகிறது. ‘பாட்டி காலத்து முறை’ என்று அட்டையில் அச்சிட்டு அதை மீட்டுவிட முடியாது.

காப்புப்பொருள்களின் வரலாறு புகழுரைக்கு உரியதன்று. அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் ஷாம்புகளில் ஃபார்மால்டிஹைடே நேராகச் சேர்க்கப்பட்டது. மலிவானது, வலிமையானது, நீரில் நன்கு கரைவது. பின்னர் அதைச் சிறுகச் சிறுக விடுவிக்கும் சேர்மங்கள் வந்தன: டிஎம்டிஎம் ஹைடான்டாயின், இமிடாசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம்-15 முதலியன. 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. அதன் சான்றுகள் பெரிதும் தொழிற்கூடங்களில் மூச்சுவழி உட்கொண்டோரைப் பற்றியவை. தலை கழுவியோரைப் பற்றியவை அல்ல. எனினும் தோல் ஒவ்வாமை என்பது தனியே நின்ற மெய்க்குற்றம். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் இத்தகைய சேர்மங்களைப் படிப்படியாகக் கைவிடுவதாக 2012இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஃபார்மால்டிஹைடையே காப்புப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. அதை விடுவிக்கும் பொருள்களில் பத்து இலட்சத்தில் 500 பங்குக்கு மேல் இருந்தால் எச்சரிக்க வேண்டும் என்றிருந்த விதியை 2022இல் 10 பங்கு என்று இறுக்கியது. இந்த மாற்றங்களில் நாம் குறைகாண மாட்டோம். சான்று வந்தது, சட்டம் நகர்ந்தது.

பாரபென்களின் கதை வேறு. 1920களிலேயே அறியப்பட்டு, எண்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்திலும் உணவிலும் அழகுப்பொருளிலும் புழங்கியவை இவை. 2004இல் பிரித்தானியாவின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப்பா டார்பரும் அவருடன் பணியாற்றியோரும், மார்பகப் புற்றுக்கட்டிகளின் 20 மாதிரிகளில் பாரபென்கள் காணப்பட்டதாக எழுதினர். நலமான திசுவில் அவை எவ்வளவு என்று அவ்வாய்வு ஒப்பிடவில்லை. புற்றுக்குக் காரணம் அவைதாம் என்று அது நிறுவவும் இல்லை. ஆனால் செய்தித்தாள்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் படவில்லை. விளம்பரக்காரர்களுக்கோ அது படாமலிருப்பதே ஆதாயம். சில ஆண்டுகளுக்குள் ‘பாரபென் இல்லை’ என்பது உலகெங்கும் விற்பனை மந்திரமாயிற்று. ஐரோப்பிய ஆய்வுக்குழுவினர் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தனர். 2014இல் ஐசோபுரொப்பைல், ஐசோபியூட்டைல் உள்ளிட்ட ஐவகைப் பாரபென்கள் விலக்கப்பட்டன. புரொப்பைல், பியூட்டைல் வகைகளின் உச்ச அளவு 0.14 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மெத்தில், எத்தில் வகைகள் பழைய அளவிலேயே தொடர்ந்தன. அச்சம் ஒட்டுமொத்தமாக ஒதுக்கியதை அறிவு வகைபிரித்து நிறுத்தியது. ஆனால் சந்தை அறிவுக்காகக் காத்திருக்கவில்லை.

பாரபென்னை விட்டவர்கள் எங்கே போனார்கள் என்பதே இந்தக் கதையின் கசப்பான பகுதி. மெத்தில்ஐசோதையசோலினோன் என்னும் பொருள், அதன் குளோரின் கலந்த உடன்பிறப்போடு சேர்ந்து, ‘கேத்தான்’ என்ற பெயரில் முன்பே புழக்கத்தில் இருந்தது. அந்தக் கலவையின் உச்சம் பத்து இலட்சத்தில் 15 பங்கு. அதில் மெத்தில்ஐசோதையசோலினோன் கால்பங்கு, அதாவது நான்குக்கும் குறைவு. 2005இல் ஐரோப்பா அதைத் தனியாகப் பத்து இலட்சத்தில் 100 பங்குவரை சேர்க்க இசைவளித்தது. பாரபென் இல்லாத காப்புக்கு ஆலைகள் தவித்த நேரத்தில் கைக்கெட்டிய பொருள் அது. ஷாம்புவில் மட்டுமின்றிப் பூசிவிட்டுக் கழுவாத களிம்புகளிலும், குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாள்களிலும் ஏறியது. அடுத்த சில ஆண்டுகளில் தோல் மருத்துவர்களின் ஒட்டுச்சோதனை அறைகளில் கூட்டம் பெருகியது. கைகளிலும் முகத்திலும் கண்ணிமைகளிலும் சிவந்து கொப்புளித்த தோலோடு மக்கள் வந்தனர். அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதை அறிவித்தது. ஐரோப்பா பின்வாங்கிற்று: கழுவாத பொருள்களில் முற்றாகத் தடை, கழுவும் பொருள்களில் 15 பங்கு மட்டுமே. இதே சங்கம் 2019இல் பாரபென்களை அவ்வாண்டின் ‘ஒவ்வாமை அல்லாத பொருள்’ என்று அறிவித்தது. நீண்டகாலம் சோதிக்கப்பட்ட ஒன்றை விட்டு ஓடியவர்கள், தோலுக்குக் கொடிய ஒன்றின் மடியில் போய் விழுந்தார்கள். அந்த வீழ்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள் விளம்பரம் எழுதியவர்கள் அல்லர்.

இன்று பல ஷாம்புகளில் காணும் சோடியம் பென்சோயேட்டு நல்ல பொருளே. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பென்சாயிக் அமிலம் பிரியாத மூலக்கூறாக இருக்கும்போதுதான் நுண்ணுயிரின் சவ்வைக் கடந்து உள்ளே போகும். கரைசலின் அமிலக்குறி (pH) 4.2 ஆக இருந்தால் பாதி மூலக்கூறுகள் அந்நிலையில் இருக்கும், 5.2 ஆனால் பதினொன்றில் ஒன்று, 6.2 ஆனால் நூற்றில் ஒன்று. சேர்த்த அளவு ஒன்றே. காக்கும் வலிமையோ ஐம்பதில் ஒன்றாகிவிடுகிறது. அட்டையைப் படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. பொருளின் பெயர் பட்டியலில் இருக்கிறது. புட்டிக்குள் அது வேலை செய்கிறதா என்பதைப் பட்டியல் சொல்லாது.

பாரபென்னுக்கும் இத்தகைய இடர் உண்டு. நுரைப்பொருளின் மூலக்கூறுகள் நீரில் சிறுசிறு திரள்களாகக் கூடுகின்றன. பாரபென்னின் ஒரு பகுதி அத்திரள்களுக்குள் புகுந்து அடைபட்டுவிடும். நீரில் விடுபட்டு நிற்கும் பகுதியே நுண்ணுயிரோடு பொரும். இதனால்தான் எந்தக் காப்புப்பொருளையும் தனியே சோதித்து முடிவு சொல்லவியலாது. முழுமைபெற்ற ஷாம்புவிலேயே சோதிக்க வேண்டும். அதற்கு உரிய முறை வகுக்கப்பட்டிருக்கிறது. 2012இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 11930 என்னும் பன்னாட்டுத் தரநிலை அவற்றுள் ஒன்று. ஷாம்புவுக்குள் வேண்டுமென்றே ஒரு கிராமுக்கு ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் வரை பாக்டீரியாக்களைக் கலக்கிறார்கள். நொதிப்பூஞ்சையையும் இழைப்பூஞ்சையையும் தனித்தனியே கலந்து பார்க்கிறார்கள். 7, 14, 28ஆம் நாள்களில் எண்ணுகிறார்கள். ஏழாம் நாளில் பாக்டீரியா ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். இருபத்தெட்டாம் நாள்வரை மீண்டும் தலையெடுக்கக் கூடாது. இந்த ஒரு சோதனைக்கு நிகராக எந்த முகப்பு வாசகமும் ஆகாது.

இந்தச் சோதனையில் சூடோமோனாஸ் ஏருஜினோசா தவறாமல் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. இவ்வகைப் பாக்டீரியாக்களுக்கு வெளியே மேலும் ஓர் உறை இருக்கிறது. அதைக் கால்சியமும் மக்னீசியமும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஈடிடிஏ என்னும் பொருள் அந்த உலோக அயனிகளைக் கவர்ந்துகொள்ள, உறை தளர்கிறது. காப்புப்பொருள் உள்ளே நுழைகிறது. தானே பெரிதாகக் கொல்லாத இப்பொருளைச் சிறிதளவு சேர்ப்பதால் மற்றவற்றின் அளவைக் குறைக்க முடிகிறது. ‘இல்லை’ பட்டியலில் இதுவும் இப்போது ஏறிவருகிறது என்பது வருந்தத்தக்கது.

‘மூலிகையே காக்கும்’ என்ற வாதத்துக்கும் விடை தேவை. பம்பளிமாசுக்கு நெருங்கிய உறவான கிரேப்புரூட்டின் விதைச்சாறு சிறந்த இயற்கைக் காப்புப்பொருள் என்று ஒரு காலத்தில் பெரிதும் விற்கப்பட்டது. ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு ஆய்வாளர்கள் 1999இல் சந்தையிலிருந்து ஆறு வகைச் சாறுகளை எடுத்துப் பகுத்தனர். ஐந்தில் பென்சித்தோனியம் குளோரைடு என்னும் செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. அது இல்லாத ஆறாவது சாறு எந்த நுண்ணுயிரையும் தடுக்கவில்லை. மூலிகையில் ஆற்றலே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. வேம்பும் மஞ்சளும் நீர்மத்தில் ஓராண்டு காக்குமென்றால், அதே 28 நாள் சோதனையில் வென்று காட்டட்டும்.

காப்புப்பொருள் ஆலையின் அழுக்கை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடக் கூடாது. நுண்ணுயிர் புட்டிக்குள் முதலில் நுழையும் வழி பெரும்பாலும் ஆலையின் நீர்க்குழாயே. குழாயின் உட்சுவரில் வழவழப்பாகப் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைக் காப்புப்பொருள் எளிதில் துளைப்பதில்லை. அரைகுறையாகக் கழுவிய குழாய்களில் தேங்கும் நீர்த்த காப்புப்பொருளுக்குப் பழகிப்பழகி அதையே தாங்கும் வகைகள் ஆலைக்குள்ளேயே தோன்றுகின்றன. பர்க்கோல்டீரியா இனத்தில் பாரபென்னைச் சிதைக்கும் வகைகள்கூட அறியப்பட்டுள்ளன. தூய நீர், கழுவிய கலம், உலர்ந்த குழாய் ஆகியவை முதற்காப்பு. மருந்து அதன் பின்னரே.

வீட்டிலும் ஒரு வழக்கத்தை மாற்றியாக வேண்டும். ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக்கரண்டி விடாத நம் குடும்பங்கள், ஷாம்புப் புட்டியின் அடியில் எஞ்சியதை வீணாக்க மனமின்றித் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வாரக்கணக்கில் வைத்திருக்கின்றன. எஞ்சியதன் அளவு இருமடங்கானால் காப்புப்பொருளின் செறிவு பாதியாகிறது. குழாய்நீரோடு புது நுண்ணுயிர்களும் உள்ளே போகின்றன. நீர் ஊற்றியதை அன்றே தீர்த்துவிடுதல் நன்று. பெரிய கலத்தில் வாங்கிச் சிறு புட்டியில் மேன்மேலும் நிரப்புவோர், ஒவ்வொரு முறையும் புட்டியைக் கழுவி உலர்த்தாமல் நிரப்புவதும் அத்தகையதே.

இவ்வகையில் பார்த்தால், தமிழகம் உலகுக்குக் காட்டிய சிறு பொட்டலம் குறிப்பிடத்தக்கது. கடலூரின் சின்னிகிருஷ்ணன் குடும்பத்தார் ‘வெல்வெட்’, ‘சிக்’ என்னும் பெயர்களில் ஷாம்புவைப் பொட்டலத்தில் அடைத்து ஏழையர் வீட்டுக்குக் கொண்டுசென்றனர். ஒருமுறை கிழித்து ஒருமுறை பயன்படுத்துவதால், திறந்தபின் ஈரக்கை படும் இடர் அதில் மிகக் குறைவு. அதன் விலையை நம் ஏரிகளும் வாய்க்கால்களும் மட்காத பல்லடுக்குத் தாளாகச் சுமக்கின்றன என்பதையும் மறக்கவியலாது. பொட்டலத்தைக் குறைக்கச் சொல்வோர், மீள்நிரப்பும் புட்டியின் காப்பைப் பற்றியும் சேர்த்தே பேசவேண்டும்.

நம் நாட்டில் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டம் 1940இலிருந்து உள்ளது. அழகுப்பொருளுக்கெனத் தனி விதிகள் 2020இல் வந்தன. விற்பனைக்கு ஷாம்பு செய்ய உரிமம் வேண்டும். அதை வழங்குவது மாநில அதிகாரம். ஆனால் இன்று எத்தனையோ ஊர்களில் அடுக்களையில் காய்ச்சி, கைப்பேசி வழியே விற்கப்படும் ‘மூலிகை ஷாம்பு’களுக்கு உரிமமும் இல்லை, சோதனையும் இல்லை. செய்வோரில் பலர் தம் உழைப்பால் குடும்பம் காக்கும் பெண்கள். அவர்கள்மீது வழக்குத் தொடுப்பதை நாம் வேண்டவில்லை. நீர் சேராத பொடியாகவும் கட்டியாகவும் விற்கும்படி அவர்களுக்கு முதலில் வழிகாட்டலாம். நீர்மமாகத்தான் விற்பேன் என்போருக்குக் காப்புச்சோதனையைக் கட்டாயமாக்கி, அதன் செலவில் பெரும்பங்கை மாவட்டத் தொழில் மையங்கள் வழியே அரசு ஏற்க வேண்டும்.

பெருநிறுவனங்களுக்கு இத்தகைய சலுகை தேவையில்லை. சட்டம் இசைவளித்த ஒரு பொருளை இழித்துரைக்கும் ‘இல்லை’ வாசகங்கள் கூடா என்று ஐரோப்பிய ஆணையத்தின் வழிகாட்டுதல் 2019 சூலை முதல் நடைமுறையில் உள்ளது. அதையே விதியாக நம் ஒன்றிய அரசும் எழுதவேண்டும். முகப்பில் இன்னது இல்லை என்று அச்சிட விரும்பும் நிறுவனம், அதற்கு மாறாக எது சேர்க்கப்பட்டது, 28 நாள் சோதனையின் முடிவு என்ன என்பவற்றை உரிமம் வழங்கும் அதிகாரியிடம் அளித்து, வாங்குவோர் யாரும் பார்க்கும்படி வெளியிடவும் கடமைப்பட வேண்டும். திறந்தபின் எத்தனை திங்களுக்குள் தீர்க்கவேண்டும், நீர் கலக்கலாகாது என்னும் இரண்டு வரிகள் புட்டியின்மேல் தமிழில், கண்ணாடியின்றிப் படிக்கத்தக்க எழுத்தில் இருக்கட்டும். இவற்றுள் எதற்கும் புதிய ஆய்வோ புதிய கருவியோ வேண்டியதில்லை. அறிவிக்கை ஒன்று போதும்.